எழுபத்திரண்டு படம் விழும் கேமரா

எங்கள் வீட்டில் கண் போவதற்கு முன்னால் மானம் போனது. நைனா தெருவில் நடக்கும்போது ஆட்கள்மேல் இடிக்க ஆரம்பித்தார். மீன் கூடையோடு எதிரே வரும் பெண்கள், சைக்கிளை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர்கள், மாதா கோயிலுக்குள் போனால் பெஞ்சு முனை, எதையும் அவர் விடுவதில்லை. ராயபுரத்தில் சாயங்கால வேளையில் ஒரு மனிதர் அப்படி நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். அதனால் எல்லோருக்கும் எல்லோர்மேலும் சந்தேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது தெரிந்தவர் ஒருவர் என் தோளைத் தட்டி, பெரியவரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லும்படி அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதற்கும் முன்பே நைனா தூங்கும்போது அவர் வாயை மோந்து பார்த்திருக்கிறாள். வெற்றிலை வாசனை தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். குடி என்றால் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாவது நிறுத்திப் பார்க்கலாம்.

நைனா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து கிரேன் இறக்கும் மூட்டைகளை எண்ணி நோட்டில் கோடு போடுகிற வேலை. அவர் போட்ட கோட்டை யாரும் தப்பு சொன்னதில்லை. ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச காலம் இருந்தபோது மூட்டைகள் குறைய ஆரம்பித்தன. கப்பல்காரன் இறக்கியது நிஜம், கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது நிஜம், நடுவில் நைனாவின் நோட்டில் மட்டும் அவை இல்லை. ஓரமாகப் போன மூட்டைகள் அவர் கண்ணிலேயே படவில்லை என்பது எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். அது பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்திருக்கிறது. நடுவில் ஒரு வட்டம் பாக்கி இருக்கிறது. அதுவும் சுருங்கும், சொட்டு மருந்து விட்டால் மெதுவாகச் சுருங்கும். எத்தனை நாள் என்று கேட்டேன். ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்ததும் நைனா என்னிடம் கேட்டது, ஒரு வருஷம் என்றால் இந்த வருஷமா அடுத்த வருஷமா என்றுதான்.  பஸ் வந்துவிட்டதால் தப்பித்தேன்.

வட்டம் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதை அளக்க நைனா ஒரு வழி வைத்திருந்தார். கட்டிலில் உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர். ஆரம்பத்தில் காலண்டர் அட்டை முழுதும் தெரிந்தது: மேலே மாதா படம், நடுவே வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் பெயர், கீழே தேதித் தாள். சில மாதத்தில் மாதா போய்விட்டாள். பிறகு ஜவுளிக்கடைக்காரர். காலையில் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்து, இன்று இவ்வளவு என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். நாங்கள் கேட்காத மாதிரி இருந்துவிடுவோம்.

இந்தச் சமயத்தில் என் தம்பியிடமிருந்து ஒரு பட அட்டை வந்தது. அவனுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை. ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதியிருந்தான். ஒரு பக்கம் நாலு வரி, மறுபக்கம் அந்த ஊர்த் துறைமுகத்தின் படம். நாலு வரியை நான் படித்துக் காட்டினேன். நைனா அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கையை நீட்டினார், கிட்டே கொண்டுவந்தார், மறுபடி நீட்டினார். ஒரு தூரத்தில் கை நின்றுவிட்டது.

"முயுக் கப்பலும் தெரியுதுடா" என்றார். "மொனையிலேர்ந்து பின்னாடி கொடி வரிக்கும். ரெண்டு வருசமாச்சு நான் ஒரு கப்பல முயுசா பாத்து."

விஷயம் இதுதான். நேரில் பார்த்தால் அவருக்கு எல்லாம் துண்டு துண்டாகத் தெரிந்தது. எதிரே நிற்பவரின் மூக்கைப் பார்த்தால் காது இல்லை. வீட்டில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான். மற்றவர்களைத் தேடிப் பிடிக்கவேண்டும். ஆனால் உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கிக் கொடுத்தால் உலகம் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். டாக்டருக்குத் தோன்றாத இந்த வைத்தியத்தை ஒரு தபால் அட்டை கண்டுபிடித்தது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது நைனா கேட்டார். வாழ்நாளில் பிள்ளைகளிடம் எதுவும் கேட்காதவர், அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நம்ம ஆளுங்க அல்லாரையும் இப்டி ஒண்ணா நிக்க வச்சி ஒரு படம் புடிச்சிக் குட்றா. அல்லாரும் சேந்து எப்டிக் கீறீங்கன்னு ஒரு வாட்டி பாத்துர்றேன்."

வேறு யாராவது மகனாக இருந்தால் மறுநாளே ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டிருப்பான். நான் படித்தவன். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் குமாஸ்தா என்றாலும் கன்னிமாரா நூலகத்தில் உறுப்பினன். ஒரு படத்துக்கு ஸ்டுடியோக்காரரை வரவழைப்பது வீண் செலவு, ஒரு கேமராவே வாங்கிவிட்டால் நைனாவுக்குக் கண் இருக்கும்வரை வாராவாரம் படம் காட்டலாம் என்று முடிவு செய்தேன். முடிவில் தப்பில்லை. தப்பு, அதைத் தொடர்ந்து நான் புத்தகம் படித்ததில் இருக்கிறது.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் கேமரா ஆராய்ச்சி. நூலகத்தில் புகைப்படக் கலை பற்றி இருந்த இரண்டு புத்தகங்களையும் மாற்றி மாற்றி எடுத்து வந்தேன். லென்ஸ், துவாரம், வேகம் என்று நோட்டுப் போட்டுக் குறிப்பெழுதினேன். என் மனைவி ஒருநாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பரீட்சை எப்போது என்று கேட்டாள். காலண்டரில் ஜவுளிக்கடைக்காரர் மறைந்தது அந்த பிப்ரவரியில்தான்.

முதலில் வண்ணாரப்பேட்டை ஸ்டுடியோக்காரரிடம் போனேன். எங்கள் பக்கத்துக் கல்யாணம், சாவு இரண்டுக்கும் அவர்தான். சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்க, தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிய, அவர் ஸ்டூல்மேல் ஏறி நின்று எடுப்பார். ராயபுரத்தில் பாதி வீட்டுச் சுவரில் அவர் எடுத்த படம் உண்டு. பாதிப் படத்தில் வீட்டுக்காரர் கண்ணை மூடியிருப்பார். அவரிடம் நைனாவின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு டப்பா கேமராவை எடுத்து வைத்தார். திருப்ப ஒரு குமிழ், அமுக்க ஒரு விசை. பன்னிரண்டு படம் விழும். நெகடிவே உள்ளங்கை அகலம் என்பதால் பெரிதாக்காமல் அப்படியே பிரதி போடலாம். வெயிலில் எட்டடி தள்ளி நின்று அமுக்கினால் குரங்கு எடுத்தால்கூடப் படம் வரும் என்றார். குரங்கு எடுத்தால் வரும் படம் எனக்கு எதற்கு? யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மூர் மார்க்கெட்டில் துருத்தி வைத்த பழைய ஜெர்மன் கேமரா ஒன்று பார்த்தேன். வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது என்றான் விற்பவன். துருத்தியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே நட்சத்திர மண்டலமே தெரிந்தது, அவ்வளவு ஓட்டை. அதுக்கு ஒரு ஒட்டுத் துணி போட்டால் சரியாகிவிடும் என்றான். நான் நகர்ந்ததும் முதுகுக்குப் பின்னால், துரைக்கே அது போதுமாக இருந்தது என்றும் சொன்னான்.

பிறகு எங்கள் ஆபீசில் ஒரு அதிகாரி சினிமா எடுக்கும் சின்னக் கேமரா வைத்திருந்ததைப் பார்த்தேன். கையிலேயே பிடித்து எடுக்கலாம். சாவி கொடுத்தால் கடகடவென்று ஓடும். எண்ணூர் கடற்கரையில் தன் குழந்தைகள் ஓடுவதை எடுத்து, பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வரவழைத்து, சாப்பாட்டு ஹாலில் ஒருநாள் வெள்ளைத் துணியில் காட்டினார். ஒரு வாரம் எனக்கு அதே நினைப்பு. அதை வாங்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் வீட்டில் போய் விவரித்தேன். அலை வந்தது, குழந்தை ஓடியது, விழுந்து எழுந்து மறுபடி ஓடியது என்றேன். நைனா பொறுமையாகக் கேட்டார்.

"படத்துலகூட ஓடிக்கினே இருந்தா நான் எங்கடா போயி புடிக்கறது? நிக்கறாமாரி ஒண்ணு வாங்கு போதும்."

அவ்வளவு தெளிவாகத் தன் தேவையைச் சொன்ன மனிதரை நான் வேறு பார்த்ததில்லை. அவ்வளவு தெளிவாகக் கேட்டுக்கொண்டு வேறொன்றைச் செய்தவனையும் பார்த்ததில்லை.

நான் வாங்கியது பர்மா பஜாரில். அப்போது அது கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே நடைபாதையில் ஒண்டிக்கொண்டிருந்த புது பஜார். கப்பல் ஆட்கள் கொண்டுவந்து தள்ளும் சாமான்கள், ரேடியோ, சென்ட் பாட்டில், நைலான் சட்டை. ஒரு கடைக்காரர் சட்டைகளுக்கு அடியிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒரு ஜப்பான் கேமராவை எடுத்துக் காட்டினார். லென்ஸைச் சுற்றித் தேன்கூடு மாதிரி கண்ணாடி. வெளிச்சத்தை அதுவே அளந்துகொள்ளும். பேட்டரி கிடையாது. வெளிச்சம் போதவில்லை என்றால் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில் சிவப்பு நாக்கு ஒன்று நீளும், விசை அமுங்காது. இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருந்தேன். என்னைக் கவிழ்த்தது வேறு. அந்தக் கேமரா ஒரு படம் விழும் இடத்தைப் பாதியாக வெட்டி இரண்டு படம் எடுக்கும். முப்பத்தாறு படச் சுருளில் எழுபத்திரண்டு படம்.

"எய்வத்திரண்டு, மாமு" என்றார் கடைக்காரர். "ஒரு பிலிம போட்டீன்னா உன் பொண்ணு கல்யாணம் வரிக்கும் வரும்."

என் பெரிய பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. அவர் சொன்னதில் இருந்த எச்சரிக்கை எனக்குக் கேட்கவில்லை; லாபம்தான் கேட்டது. பன்னிரண்டு எங்கே, எழுபத்திரண்டு எங்கே. ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கினேன். இதைவிட விலை கூடிய ஒரு மாடல் பக்கத்திலேயே இருந்தது. அதில் விசையை முடுக்கிவிட்டு நாமே ஓடிப்போய் நின்றுகொண்டால் பத்து வினாடி கழித்துத் தானாக எடுக்கும். அது ஆடம்பரம் என்று விட்டுவிட்டேன்.

ஈஸ்டர் கழிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை சுருளை மாட்டினேன். நைனாவைக் கட்டிலில் உட்கார வைத்துக் கேமராவைத் தூக்கினேன். சிவப்பு நாக்கு. ஜன்னலைத் திறந்தேன். சிவப்பு நாக்கு. எங்கள் வீட்டில் பகலில் சாமி படத்துக்கு முன்னால் எரியும் பல்பைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது என்பதைப் புத்தகத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை. வீட்டை எடுக்க வாங்கிய கேமரா வீட்டுக்குள் வேலை செய்யாது என்பது தெரிந்தது. அன்றைக்குப் பின்பக்கத்து முற்றத்தில் அடி பம்பு அருகில் நைனாவையும் அம்மாவையும் நிற்க வைத்துத் தனித்தனியே ஒவ்வொன்று எடுத்தேன். இரண்டு. பாக்கி எழுபது.

எல்லோரையும் சேர்த்து அன்றே எடுத்திருக்கலாம். தம்பி மட்டும் இல்லை. ஆனால் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"ஆளு கொறைச்சலா நின்னு போட்டோ புடிக்கறது சாவு வூட்லதான்" என்றாள். "சின்னவன் வரட்டும். அதுக்கு முன்னாடி எவனாச்சும் வரிசையா நின்னீங்க, தொடப்பத்த எடுத்துக்கினு வருவேன்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். குடும்பமாக நின்று எடுக்கும் படத்தில் ஒருவர் குறைந்தால், அந்த ஒருவர் சவப்பெட்டியில் இருக்கிறார் என்று அர்த்தம். அதுவும் கடலில் இருக்கும் பிள்ளையை விட்டுவிட்டு எடுப்பதாவது.  தம்பி ஜூலையில் வருவதாக எழுதியிருந்தான். ஜூலைதானே என்றார் நைனா.

ஆக, சுருள் கேமராவுக்குள் இருந்தது. எழுபது படத்தையும் எடுக்கவேண்டும், வீணாக்கவும் கூடாது. எடுக்கும் ஒவ்வொன்றும் உருப்படியாக இருக்கவேண்டும் என்பதால் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கலையைத் தேடிப் போனேன். காசிமேட்டில் கவிழ்த்து வைத்த கட்டுமரம். எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கி, அதன்மேல் ஒரு மேகம். காயும் வலைக்குப் பின்னால் சூரியன். வாரத்துக்கு இரண்டு படம் என்ற கணக்கில் சுருள் நகர்ந்தது. வீட்டு ஆட்களை எடுப்பதைவிடக் கட்டுமரத்தை எடுப்பது சுலபம். அது தலை வாரிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போகாது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் நைனா கேட்பார், எத்தனை ஆச்சு என்று. பதினெட்டு என்பேன். இருபத்திமூன்று என்பேன். டாலி போட்ட மனிதர். எண்ணைக் கேட்டுத் தலையாட்டிக்கொள்வார். தம்பியின் பட அட்டையைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அதன் ஓரம் வியர்வையில் நைந்துபோனது. தெரியாத ஊரில், தெரியாத கப்பலை அவர் முழுசாகப் பார்த்துக்கொண்டிருக்க, பெற்ற பிள்ளைகள் துண்டு துண்டாக வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தோம்.

ஜூலையில் தம்பி வரவில்லை. சூயஸ் கால்வாயை மூடி வைத்திருந்த காலம் அது. கப்பல்கள் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தன. அவனுடைய கப்பலைப் புதிதாக வேறொரு சரக்குக்குத் திருப்பிவிட்டார்கள். அக்டோபர், தவறினால் நவம்பர் என்று எழுதினான். எகிப்தில் யாரோ இரண்டு பேர் சண்டை போட்டதில் ராயபுரத்தில் ஒரு குடும்பப் படம் தள்ளிப்போனது. நைனா கடிதத்தைக் கேட்டுவிட்டுக் காலண்டரைப் பார்த்தார். அப்போது அவருக்குத் தேதித் தாளில் எண் மட்டும் தெரிந்தது, கிழமை தெரியவில்லை.

செப்டம்பரில் ஒருநாள் வண்ணாரப்பேட்டையில் ஸ்டுடியோக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். பெரியவருக்குப் படம் காட்டினாயா என்று கேட்டார். சுருள் முடியவில்லை, நாற்பத்தொன்றுதான் ஆகியிருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சாவு வீட்டில் நிறையப் பேரைப் பார்த்தவர், எளிதில் முகம் மாறாதவர்.

"கேமராவக் குடு சார். இருட்டு ரூம்ல வச்சி எடுத்த மட்டும் கத்திரிச்சி கய்வித் தரேன். நாளிக்கே பெரியவரு பாக்கலாம். மிச்சத்துல ரெண்டு மூணு படம் வீணாவும், அவ்ளோதான்."

மிச்சச் சுருளை மறுபடி மாட்டும்போது நுனி கெட்டுவிடும், முப்பத்தொன்றில் எத்தனை பிழைக்குமோ என்று நான் புத்தகத்தில் படித்ததை எடுத்துவிட்டேன். அவர் நாற்பது வருஷமாக அந்த இருட்டு அறைக்குள் இருப்பவர். சரி சார் என்றார்.

வீட்டுக்கு வந்து இதை நைனாவிடம் ஒரு வேடிக்கை மாதிரி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எடுத்த வரிக்கும் கய்வினா இன்னா?" என்றார்.

வீணாகும் என்றேன். குடும்பப் படம் எடுத்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவினால் செலவு ஒன்றுதான் என்றேன். துறைமுகத்தில் பாதி மூட்டையோடு கப்பலைத் திருப்பி அனுப்புவார்களா என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். என் சாமர்த்தியத்தை நான் ரசித்துக்கொண்டிருக்கும்போது நைனா சொட்டு மருந்துப் புட்டியைத் தடவி எடுத்தார்.

"சரி நைனா. உன் இஷ்டம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையையும் நைனா என்று கூப்பிடுவது உண்டு. அவர் என்னை அப்படிக் கூப்பிடுவது காய்ச்சலில் படுத்திருக்கும்போது மட்டும்தான்.

தம்பி நவம்பரில் வந்தான். பம்பாயில் கப்பலை விட்டு இறங்கி, ரயில் பிடித்து, இரண்டு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். அவனோடு சேர்ந்து மழையும் வந்தது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நைனாவின் எதிரே போய் நின்றான். நைனா அவன் முகத்தைக் கையால் தடவினார். இதைத் தம்பி எதிர்பார்க்கவில்லை. கண் சரியில்லை என்று எழுதியிருந்தோமே தவிர எவ்வளவு சரியில்லை என்று யாரும் எழுதவில்லை. கடிதம் எழுதுகிற வேலை என்னுடையது. நைனா கட்டிலுக்குத் திரும்பியதும் அவன் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனான்.

"இன்னா அண்ணாத்தே, கேமரா வாங்கிக்கீறேன்னு நாலு கடுதாசி எய்தின, நைனாக்குக் கண்ணு இவ்ளோ பேஜாருன்னு ஒரு வரி எய்தலியே?" என்றான்.

கேமரா பற்றி எழுதியது நாலு இல்லை, ஐந்து. நான் திருத்தவில்லை.

பதினைந்து நாள் லீவு. முதல் எட்டு நாளும் வானம் கறுத்துக் கிடந்தது. தெருவில் முழங்கால் வரைக்கும் சாக்கடைத் தண்ணீர். தினமும் காலையில் நான் முற்றத்துக்குப் போய்க் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்ப்பேன். சிவப்பு நாக்கு. சமையலறையிலிருந்து அம்மா, இன்னா சொல்லுது என்பாள். மாட்டேங்குது என்பேன். அதே நேரத்தில் உள்ளே நைனா கட்டிலில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எண் கறுப்பா சிவப்பா என்று மட்டும் தெரிகிறது என்றார் ஒருநாள். சிவப்பென்றால் ஞாயிற்றுக்கிழமை. அதற்கும் இரண்டு நாள் கழித்து அதுவும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அவர் யாரையும் கேட்கவில்லை. கோயில் மணியை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் வெயில் வந்தது. அம்மா எல்லோரையும் விரட்டி உடுத்த வைத்தாள். நைனாவுக்கு வெள்ளைச் சட்டை. ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் போகிறவரைப்போல அவர் இரண்டு கையையும் எங்களிடம் கொடுத்துவிட்டு நடந்து வந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார்த்தி, பக்கத்தில் அம்மா, பின்னால் என் மனைவியும் தம்பியும், முன்னால் இரண்டு பெண்களும். எதிர்வீட்டுக்காரர் வேடிக்கை பார்க்க வந்தவர், விசையைத் தான் அமுக்கட்டுமா என்று கேட்டார். இந்தக் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் படம் நெட்டுக்கு விழும், குடும்பம் முழுவதும் வரவேண்டுமானால் படுக்கவைத்துப் பிடிக்கவேண்டும், அதெல்லாம் புதியவர்களுக்குக் கைவராது என்று விளக்கினேன். அவர் போய்விட்டார். அம்மா எல்லோரையும் விரலால் எண்ணினாள். சரி, அல்லாரும் வந்தாச்சு, புடி என்றாள். மூன்று எடுத்தேன்.

எண் ஐம்பத்துநாலு. இன்னும் பதினெட்டு பாக்கி.

அப்புறம் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஏழு மாதமாக ஒவ்வொன்றாக நான் பொத்திக் காப்பாற்றிய படங்களில் மிஞ்சிய பதினெட்டையும் கால் மணி நேரத்தில் எடுத்துத் தள்ளினேன். சுவரில் இருந்த காக்கை. அது பறந்த பிறகு சுவர். அடி பம்பு. தம்பியின் பூட்ஸ். கொடியில் தொங்கிய பாவாடை. சேறு. என் பெண்கள், அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தங்கள் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டார்கள். சுருள் முடிந்ததும் சட்டைகூட மாற்றாமல் தண்ணீரில் இறங்கி வண்ணாரப்பேட்டைக்கு நடந்தேன்.

ஸ்டுடியோக்காரர் மறுநாள் சாயங்காலமே கழுவிப் பிரதி போட்டு வைத்திருந்தார். குடும்பப் படத்தை அஞ்சலட்டை அளவுக்குப் பெரிதாக்கியிருந்தார். நல்லா வந்திருக்கு என்று சொல்லி உறையைக் கொடுத்தார். பெரியவரைப் பற்றி அவர் கேட்கவில்லை. 

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. எல்லோரும் தெளிவு. நைனா மட்டும் லென்ஸுக்குக் கொஞ்சம் இடது பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் குரல் அங்கேயிருந்து வந்ததாக அவருக்குப் பட்டிருக்கவேண்டும். வீட்டுக்கு வந்து படத்தை முதலில் அம்மாவிடம் கொடுத்தேன். பெருமையோடு வாங்கி ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள். உதடு அசைந்தது, எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் அடி பம்பு நின்றிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அதுவரை எனக்கு அது உறைக்கவேயில்லை. தம்பிக்கும் உறைக்கவில்லை, என் மனைவிக்கும் இல்லை. ஆள் குறையக் கூடாது என்று ஏழு மாதம் காத்திருந்து எடுத்த படத்தில், எடுத்த நான் இல்லை.

கட்டிலிலிருந்து நைனா கையை நீட்டினார். வந்துடுச்சா, இங்க குடு என்றார். அம்மா கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கையை நீட்டினார், கிட்டே கொண்டுவந்தார், மறுபடி நீட்டினார். கை எங்கேயும் நிற்கவில்லை. அட்டையை மெல்ல இடமும் வலமும் நகர்த்தினார்.  வெகுநேரம் கழித்துக் கையை மடியில் இறக்கினார்.

"யாரு யாரு எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அம்மா சொன்னாள். நடுவில் நீ, உன் வலது பக்கம் நான், பின்னால் சின்னவனும் மருமகளும், காலடியில் பிள்ளைங்க ரெண்டும் என்று. அவர் ஒவ்வொரு பெயருக்கும் அட்டையின்மேல் விரலை நகர்த்திக்கொண்டே வந்தார்.

"பெரியவன்?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"எம் பக்கத்துலதான் நிக்கறான், பம்பாண்ட."

"சிரிச்சிக்கினு கீறானா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"எங்க சிரிச்சான்? மூஞ்ச உம்முனு வச்சிக்கினுதான் கீறான்."

நைனா தலையாட்டினார்.

"அப்ப அவன்தான்" என்று சொல்லி, படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.